இரண்டாவது கோடு

17-7-2001, செவ்வாய். டாக்குரியா, கல்கத்தா.

என் மகள் கீதாவின் ஆராய்ச்சி வழிகாட்டி இன்று வீட்டுக்கே போன் செய்தார். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, அவள் தேடும் என்சைமை மட்டும் காட்ட வேண்டுமாம். சோதனைப் படத்தில் ஒரே கோடு விழுந்தால் சரி; இரண்டு விழுந்திருக்கின்றன, வேறெதையோவும் அது பிடித்திருக்கிறது. வங்காளி வழக்கப்படி அவர் என்னைச் சித்தி முறை வைத்து 'மாஷிமா' என்றுதான் கூப்பிடுவார்.

"மாஷிமா, ரெண்டாவது கோட்டை வெட்டினாத்தான் தீசிஸ்ல கையெழுத்துப் போடுவேன். நீங்களாவது சொல்லுங்க."

"நான் பாடம் எடுத்த கிளாஸ்ல லட்சுமின்னு கூப்பிட்டா ரெண்டு பேர் எழுந்திருப்பாங்க சார். ஒருத்தியை மறைச்சு நான் ரிஜிஸ்டர் எழுதினதில்லை."

"அப்போ இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்" என்று வைத்துவிட்டேன்.

கீதா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "அம்மா, அவரைப் பகைச்சுண்டியே!"

"நீ வெட்டப்போறியா?"

"மாட்டேன்."

"அப்போ சாப்பிட வா."

அடுத்த ஆடியில் அவளுக்கு முப்பது ஆகிவிடும். கல்யாணம் எப்போது என்று ஊரிலிருந்து கேட்பார்கள். கேட்கட்டும். இரண்டு கோடும் இருக்கட்டும்.