கூட்ட மண்டபத்துக் குளிர்

மச்சான்,

இன்று காலை நம் ஆஸ்பத்திரியின் பொது வாட்டுக்குள் போனேன். கொக்கட்டிச்சோலையில் இருந்து வந்த ஒரு பெண், காய்ச்சலில் கிடந்த கணவனுக்கு, மருந்து எழுதும் கிளினிக் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி சும்மா தொங்கியது. அதன் சுவிச்சில் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று ஒட்டியிருந்தார்கள். அந்தக் கொப்பிச் சத்தத்தில் உன் நினைவு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு கட்டடமும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று திரையில் பார்ப்பதுதானே நம் இருவருக்கும் வேலை. அளவோடு இருந்தால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. பொது வாட்டு எப்போதும் சிவப்பு, நிர்வாகக் கட்டடம் எப்போதும் பச்சை. நீதான் சந்தேகப்பட்டு வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாய். கூட்ட மண்டபத்தைக் கட்டிய அவசரத்தில், அதன் ஏசி முழுவதையும் வாட்டு மீட்டரில் கொளுவிவிட்டிருந்தார்கள். குளிர் அவர்களுக்கு, பழி நோயாளிகளுக்கு.

எழுதிக் கொடுத்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மின்சாரச் சிக்கனக் கூட்டம் வந்தது. வாட்டு விசிறிகளைப் பகலில் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் நேரம், நீ எழுந்து போய் மண்டபத்து ஏசியின் பிரேக்கரை அணைத்தாய். திரையில் வாட்டின் சிவப்புக் கோடு எல்லோர் கண்முன்னாலும் இறங்கிப் பச்சையானது.

“இப்ப விளங்குதா சேர், ஆரு இழுக்கிறதெண்டு?”

பணிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “விளங்குது தம்பி. முதல்ல ஏசியப் போடுங்க, மறுகா கதைப்பம்.”

அந்த மறுகா இன்றுவரை வரவில்லை. விசிறிகளை மட்டும் நிறுத்தினார்கள்.

அடுத்த வெயில் காலத்தில் நீயே அந்த வாட்டில் வந்து படுத்தாய். சிறுநீரகம் பழுது. பக்கத்து வாவியில் இருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. உன் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விசிறியைப் போட எழுந்தேன். தன்னைத்தான் ஏசுவார்கள் என்று தாதி கெஞ்சினார். உன் கொப்பியை எடுத்து விசிறினேன். நீ சிரித்தாய்.

“இரி மச்சான். மீட்டருக்கு வேர்க்காதுதானே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை. அந்த வாட்டில் இருந்து நீ உயிரோடு வீடு திரும்பவேயில்லை.

இதையும் கேள். மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக நமக்குக் கேடயம் கிடைத்திருக்கிறது. அதைக் கூட்ட மண்டபத்தில்தான் வைத்திருக்கிறார்கள், நல்ல குளிரில். இன்று மத்தியானம் அங்கே மறுபடி கூட்டம். பிள்ளைகள் வாட்டு விசிறிகளையும் நிறுத்துவது பற்றிப் பேசப் போகிறார்கள். திரையை விளக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன் மேசையை ஒதுக்கியபோது பிரேக்கர் பெட்டிச் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை. இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீ அன்று, பெரியவர் சொல்கிறாரே என்று ஏசியைத் திரும்பப் போட்டுவிட்டாய். உனக்கு மரியாதை கூடுதல். நான் இன்று அணைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டப் போகிறேன். வயரை மாற்றும்வரை அவர்களும் கொப்பியால் விசிறட்டும்.