சிவப்புப் புகைபோக்கி

2 ஜூன் 1974, ஞாயிறு

மாலுமித் துரையே, ஆபீஸில் வருஷாவருஷம் கொடுக்கும் டைரியில் நீங்கள் ஒரு வரியும் எழுதியதில்லை. வீணாய்ப் போகிறதே என்று நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். தப்பிருந்தால் வந்து திருத்துங்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. ஆற்றுக்கு அக்கரை ஹௌராவுக்கு ஸ்டீமரில் போனாலே வாந்தி எடுத்தவர், ஒரு ட்ரங்க் பெட்டி நிறையக் கப்பல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எல்லாம் பழைய தபால் கார்டு. முன்னால் கப்பல் படம் இருக்கும், பெயர் இருக்காது. ஃப்ரீ ஸ்கூல் தெரு நடைபாதையில் பொறுக்கிவந்து, நீங்களும் உங்கள் ஆபீஸ் சிநேகிதர் சுந்தரேசனும் ஞாயிறு முழுக்கப் படத்திலிருக்கும் ஜன்னலை எண்ணி, இது இன்ன கப்பல் என்று கண்டுபிடிப்பீர்கள். நான் காபி போட்டுக்கொண்டே இருப்பேன். உலகத்துக்கு எவ்வளவு அவசியமான வேலை!

பெஹாலாவிலிருந்து உங்கள் மகள் காமு வந்திருந்தாள். "மா, எல்லாத்தையும் பிக்ரிவாலாகிட்ட போட்டுடு. ஒரே தூசி." தராசோடு வருகிற பழைய பேப்பர்காரனுக்கு உங்கள் கப்பல் படை. பார்க்கலாம் என்றேன்.

5 ஜூன்

கரண்ட் இல்லை. எழுத ஒன்றுமில்லை.

9 ஜூன், ஞாயிறு

யார் வந்தது தெரியுமா? உங்கள் சுந்தரேசன்.

"அண்ணி, அந்தக் கார்டை ஒரு தரம் பார்க்கணும்."

எந்தக் கார்டு என்று கேட்க வேண்டுமா? உங்கள் இருவர் பேச்சும் நின்றுபோகக் காரணமான கார்டுதான். புகைபோக்கி சிவப்பு, அதனால் 'லேடி ஹார்வுட்' என்றார் அவர். உடம்பைப் பார், அது 'ஆடெல்', சிவப்பு எவனோ கலர் பூசினவன் வேலை என்றீர்கள் நீங்கள். "ஸ்டீமர்ல வாந்தி எடுக்கிறவன் கப்பலைப் பத்திப் பேசறியா?" என்றார். "வெளியே போடா" என்றீர்கள். தீபாவளி முடிந்த வாரம் அது. உங்களைத் தூக்கிப்போன அன்றுகூட அந்த மனிதர் நம் வாசல்படி ஏறவில்லை. எல்லாம் எவனோ வெள்ளைக்காரன் கப்பலுக்காக!

மற்றக் கார்டுகளின் பின்பக்கம் பெயர் எழுதி இரண்டு பேரும் பென்சிலில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கப்பலுக்குப் பெயர் என்பது உங்கள் சட்டம். கல்யாண ரிஜிஸ்டரா இது என்று நான் கேட்டதுண்டு. இந்த ஒன்றின் பின்பக்கம் மட்டும் காலி.

லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஹார்வுட்தான், அண்ணி."

செத்தவரோடு வழக்காட வந்திருக்கிறார்! காபியில் சர்க்கரையே போடாமல் கொடுத்தேன். குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார்.

22 ஜூன்

மழை. வீட்டுச் சொந்தக்காரர் பூசித் தருகிறேன், பூசித் தருகிறேன் என்று சொன்ன அதே இடத்தில்தான் ஒழுகியது. அலமாரியில் வைத்திருந்த அந்தக் கார்டு நனைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். வெள்ளைத் தலைப்பெல்லாம் சிவப்பு. நீங்கள் போனபிறகு என்மேல் சிவப்புப் படுவது இதுதான் முதல் தடவை — அதுவும் உங்கள் உபயம்.

கார்டைப் பார்த்தேன். சிவப்பு போன இடத்தில் புகைபோக்கி கறுப்பு. நடுவில் இரண்டு வெள்ளை வளையம்.

ஆடெலுக்குக் கறுப்பு, இரண்டு வெள்ளை வளையம். சாப்பிடும்போதுகூடச் சொல்லிச் சொல்லி என் காது புளித்த சங்கதியாயிற்றே!

ஜெயிச்சிட்டீங்க. ஜெயிச்சு? யார்கிட்ட காட்டி மீசையை முறுக்கப் போறீங்க? பாவி மனுஷா, கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா — ஒரு மழை வரைக்கும்?

23 ஜூன், ஞாயிறு

காலையிலிருந்து காத்திருந்தேன், அந்த மனிதர் முகம் தொங்குவதைப் பார்க்க. வரவில்லை.

30 ஜூன், ஞாயிறு

வந்தார். கையில் லென்ஸ் இல்லை. நான் கார்டை மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தேன், நேரம் பார்த்துத் திருப்பிக் காட்டலாம் என்று. உட்கார்ந்ததும், "அண்ணி, பின்னாடி ஆடெல்னு எழுதிடலாம்" என்றார்.

"ஹார்வுட்னு அடிச்சுச் சொன்னீங்களே?"

"ஹார்வுட்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அவன் சொன்ன பேரே இருக்கட்டும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னைக்குச் சுடுகாடு வரைக்கும் பின்னாடியே வந்தேன் அண்ணி. கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன். வெளியே போடான்னவன், உள்ளே வாடான்னு சொல்லவே இல்லையே."

என் கை தானாகப் போய்க் கார்டின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"படத்தைப் பார்க்கணுமா?" என்றேன்.

"வேண்டாம், வேண்டாம். பார்த்தா மறுபடியும் சண்டை வந்துடும்."

பென்சிலைக் கொடுத்தேன். ஆடெல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் காலியாயிருந்த இடத்தைப் பார்த்தார். உங்கள் இடம். பென்சிலை வாங்கி நானே போட்டேன், ரேஷன் கடையில் போடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக. அன்னம்.

அடுத்த ஞாயிறு பெயர் தெரியாத கப்பல் இன்னும் சில கொண்டுவருகிறாராம். எனக்கென்ன தெரியும் என்றேன். "ஜன்னல் எண்ணத் தெரியுமில்ல? அது போதும்." காபியில் சர்க்கரை போட்டேன். என்ன இவ்வளவு இனிப்பு என்றார். கீழே பிக்ரிவாலா கத்திவிட்டுப் போனான், நான் எழுந்திருக்கவில்லை.

கார்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன், படம் கீழே பார்க்க. நீங்கள் ஜெயித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்களாக இருந்தால் திருப்பிக் காட்டியிருப்பீர்கள், இல்லையா?