வாசிப்பு அறை வாசலில் கிடந்த செருப்புகளின் கணக்கு

அனுப்புநர்:
செ. அமிர்தவல்லி (வயது 54),
ஜெராக்ஸ் கடை,
பழைய ஆவண வாசிப்பு அறைக்கு எதிரில்,
திருமயம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: பழைய ஆவண வாசிப்பு அறையை மூடும் முடிவு – வருகைக் கணக்கில் பிழை – முடிவை நிறுத்தி வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறைக்கு நாளொன்றுக்கு ஒருவர்கூட வருவதில்லை என்று ஆய்வுக் குழு எழுதிவிட்டது. அதனால் வரும் அக்டோபர் முதல் தேதியோடு அறையை மூடி, ஆவணக் கட்டுகளைச் சென்னைக்கு அனுப்பப் போவதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கதவைப் பார்த்தபடி கடையில் நிற்பவள் நான். அறை மூடினால் என் வியாபாரமும் படுத்துவிடும். அதை மறைத்து மனு எழுத எனக்கு மனமில்லை.

2. குழு எண்ணியது வருகைப் பதிவேட்டின் கையெழுத்துகளை மட்டுமே. கண்மாய், மடை, பாதை என்று ஊர்க் காரியமாகப் பழைய பதிவு பார்க்க வந்தால் எங்கள் பக்கத்தில் ஊரே வண்டி பிடித்து வரும். கையெழுத்தை ஊர்த் தலைவரான அம்பலம் ஒருவர்தான் போடுவார். அவருக்கு முன்னால் பேனாவை எடுப்பது மரியாதைக் குறைவு. பின்னால் போட்டாலோ, அவர் கையெழுத்து போதாது என்று சொன்னதாகிவிடும். ஆகவே ஓர் ஊர் வந்து போனாலும் ஏட்டில் ஓர் ஆள்தான்.

3. சென்ற டிசம்பரில் குழு வந்து ஏட்டை மட்டும் புரட்டிப் போனதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. ஆனாலும் முப்பாட்டன் பெயர் இருக்கும் இடம் என்று எல்லாரும் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் போவார்கள். ஜனவரி முதல் ஜூன் முடிய, ஒவ்வொரு கூட்டமும் உள்ளே போனதும் வாசலைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். ஏட்டில் கையெழுத்து 118. படங்களில் செருப்பு 1,640 சோடி. நாய் தூக்கிப்போய் ஒற்றையானவற்றை நான் சேர்க்கவில்லை. வெறுங்காலோடு வந்த பெரியவர்களும் இதில் இல்லை.

4. நகல் எடுக்க வந்தவர்களிடம் காரியம் என்னவாயிற்று என்று பிறகு போனில் விசாரித்தேன். 41 தகராறுகளில் 29, நீதிமன்றப் படி ஏறாமலேயே தீர்ந்திருக்கின்றன. படங்களும் விவரமும் இத்துடன் இணைத்துள்ளேன்.

5. கணக்கில் வராதவர்களும் உண்டு. நான் கடை போட்ட புதிதில் அங்கே ஐயனார் என்ற உதவியாளர் இருந்தார். இன்று அவர் இல்லை. கேட்ட ஆவணக் கட்டை எடுத்து வைத்ததும் வாசலுக்கு வந்து, "இங்கிட்டு வாங்க, ஒங்க கண்மாய் வந்திருச்சு" என்று குரல் கொடுப்பார். காத்திருந்த சனம் தோள்துண்டை எடுத்துக்கொண்டு எழும். பூச்சி அரிக்காமல் இருக்கக் கட்டுகளில் வைத்த வசம்பின் வாடை என் கடை வரை வரும். அப்படி ஒரு நாள் காத்தாயி என்ற பெண், தன் தாத்தா பெயரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். நகல் வேண்டாமா என்று கேட்டேன். "காதால கேட்டதே போதும் ஆத்தா" என்று சொல்லிப் போய்விட்டார்.

6. அரிமளம் பக்கம் ஒரே கண்மாயில் பாயும் இரண்டு ஊர்கள், மடைத் தகராறில் பல ஆண்டுகளாகக் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் இருக்கின்றன. பழைய வரைபடம் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக இப்போது இரு ஊர் அம்பலங்களும் ஒப்பியிருக்கிறார்கள். தனித்தனியே வந்தால் வழியில் பேச்சு மாறிவிடும் என்று, இரு ஊரும் சேர்ந்து அக்டோபர் எட்டாம் தேதிக்கு ஒரே வேனை அமர்த்தியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான பெரியகருப்பன் அம்பலம், நகலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கப் போன் செய்தபோது சொன்ன செய்தி இது. கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே மூடும் முடிவை நிறுத்தி வைத்து, வருகிறவர்களைத் தலை எண்ணி மறுகணக்கு எடுக்க ஆணையிடுமாறும், எதுவும் முடியாவிட்டால் எட்டாம் தேதி ஒரு நாளாவது அறையைத் திறந்து வைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால், அவர்கள் ஊர் திரும்ப இரண்டு வேன் வேண்டியிருக்கும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
செ. அமிர்தவல்லி

இடம்: திருமயம்
நாள்: 18.09.2025