நிற்கவைத்துக் கேட்காதீர்கள்

என் ராமாத்தக்கா,

உன் புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறது. "புதுசா ஏதாச்சும் சேக்கோணுங்களா?" என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். ஒரு பக்கம் இருக்கிறது என்றேன். நீ எழுதாமல் விட்ட பக்கம்.

நாம் இருவரும் கொத்தடிமையாய்க் கிடந்த தோட்டத்திலிருந்து, வேலந்தாவளம் மாட்டுச்சந்தைக் கூட்டத்தில் கலந்து நீ தப்பினாய். பத்தாம் நாள் ஓர் அதிகாரியோடு ஜீப்பில் வந்து இறங்கினாய். தோட்டத்து முதலாளி, நம் பண்ணாடி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். களத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். "எங்களுக்கு ஒரு கொறையுமில்லீங்க" என்றேன். ஜீப் போய்விட்டது. நீ மறுபடி ஆள் சேர்த்து வந்து என்னை மீட்க மூன்று வருடம் ஆனது.

பட்ட அடியெல்லாம் எழுதினாய். மேடை மேடையாய்ப் பேசினாய். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் நான் பயந்து பயந்து உன் புத்தகத்தைப் புரட்டினேன். களத்தில் நான் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் விட்டாயா? இல்லை, அவ்வளவு வலித்ததா? கேட்கத் துணியாமலே உன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு தென்னந்தோப்பு வழக்கில் விசாரணை. ஆட்களை மீட்க உன் இடத்தில் நான்தான் இப்போது போகிறேன். அகளிப் பக்கத்துப் பொன்னி, நாலு வருடமாய் அந்தத் தோப்பை விட்டு வெளியே வந்ததில்லை. தோப்புக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, அவள் கைகட்டி நின்றாள். "ஒரு கொறையுமில்லீங்க சார்." அதே வார்த்தை, அக்கா. அதிகாரி பேனாவை மூடினார்.

நீ எந்த மேடையிலும் நின்று பேசியதில்லை. முதலில் நாற்காலி கேட்பாய். கால் ஊனம் என்றே பலரும் நினைத்தார்கள். "காலு நல்லாத்தான் இருக்குது. கைகட்டி நின்னுட்டே பேசுனா வாயில பொய்யிதான் வரும்" என்று சிரிப்பாய்.

என் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டேன். தோப்புக்காரரை வெளியே அனுப்பச் சொன்னேன்.

"நீங்க யாருங்க எடையில?" என்றார் அவர்.

"இதே வார்த்தையச் சொல்லி அக்காளத் திருப்பி அனுப்புனவளுங்க."

சபையில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. பொன்னி என்னையே பார்த்தாள். அதிகாரி கை காட்ட, தோப்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து முதுகைச் சாய்த்தாள்.

"என்னைய ஊட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க சார். உடமாட்டேங்கறாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அன்றைக்கே அவளைக் கூட்டி வந்துவிட்டோம். தோப்பில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி விசாரணை. தோப்புக்காரர் வக்கீலோடு வரட்டும், நான் ஆறு நாற்காலியோடு போகிறேன். உன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை என் பெயர் போட்டு நானே எழுதுவேன். வேலந்தாவளத்தில் நடக்கும் வெளியீட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டே அதை வாசிப்பேன். பொறுத்துக்கொள், அக்கா.

ஒரு குறையுமில்லை என்று சொன்ன,
உன் தங்கச்சி
பாப்பாத்தி