நூல் மாட்டும் மேஜை

ஜூன் 9, திங்கள்
முதல் ஷிப்ட் முடிந்து வந்தால், சாப்பாட்டு மேஜை பின்வாசலில் கிடக்கிறது. கல்யாணமான புதிதில் பழைய பெட்டிப் பலகையில் நானே அடித்தது. மேலே ஒட்டியிருந்த ரெக்ஸினைக் கிழித்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் சுப்புலட்சுமி.

"என்ன திடீர்னு?"

"சொரசொரன்னு கெடக்குல்லா."

இருபத்தாறு வருஷமாக அப்படித்தானே கிடக்கிறது! ஆகஸ்டில் எனக்கு ஓய்வு. கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கம் ஊருக்கே போய்விடப்போகிறோம். அங்கே இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிக்க அண்ணனிடம் சொல்லியாயிற்று. கிளம்புகிற நேரத்தில் மேஜைக்கு என்ன அலங்காரம்?

ஜூன் 11
விற்கப்போகிறாள். வேறென்ன?

ஜூன் 14
குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கிறாள். மர ரேகை ஓடுகிற பக்கமாகத் தேய்க்க வேண்டும். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. மறைக்கிறவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

இன்னொரு கூத்து. பழைய பட்டுத் துணியை மேஜைமேல் இழுத்துப் பார்க்கிறாள். நூல் மாட்டுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு மறுபடி தேய்க்கிறாள். சாப்பிடுகிற மேஜைக்குப் பட்டு எதற்கு?

ஜூன் 17
முன்பு எதிர்வீட்டில் இருந்த கனகம் வடலூரிலிருந்து டேப்போடு வந்து மேஜையை அளந்தாள். "வாசப்படில நுழைஞ்சிடும்க்கா. வண்டி புடிச்சிகினு வந்துடவா?" என்னைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டினாள். அப்புறம், "நல்லாருக்கீங்களாண்ணே?"

நல்லாத்தான் இருக்கேன்! என் வீட்டுச் சாமானை என் கண்முன்னாலேயே அளக்கிறார்கள்.

ஜூன் 18
கேட்டே விட்டேன். "மேஜைய கனகத்துக்கு விக்கியா?"

"விக்கல. அவ வீட்டு மாடியில வாடகைக்கு எடம் பாத்திருக்கேன். ஜாக்கெட் தைக்கப் போறேன். துணி வெட்ட மேஜை வேணும்."

"அப்ப ஊரு?"

"நீங்க போங்க. நான் வரல. அங்க எனக்கு யாரு இருக்கா? இந்த மேஜைய வழவழன்னு ஆக்கித் தாங்கன்னு எத்தன வருஷம் கேட்டேன். இதையே காதுல வாங்கலியே நீங்க."

மேஜை போகிறதே என்று பதறினேன். போவது இவளா?

ஊருக்குப் போகலாமா என்று அவளிடம் கேட்டேனா? கேட்ட ஞாபகமில்லை.

ஜூன் 20
ஞாபகமில்லை என்ன, ஞாபகமில்லை? கேட்கவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு
மந்தாரக்குப்பம் போய் நைஸ் உப்புத்தாள் வாங்கி வந்தேன். ரேகையோடு தேய்த்துக் காட்டினேன். பாதி நான், பாதி அவள். முடிந்ததும் பட்டுத் துணியை நானே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தேன். எங்கும் மாட்டவில்லை.

"வடலூருக்கு நானும் வரலாமா?"

நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல வார்னிஷ அடிங்க" என்றாள்.

ஜூன் 29
மேஜை வண்டியேறியது. அண்ணனுக்குப் போன் போட்டேன். வெள்ளையடிக்க வேண்டாம் என்றேன்.

"ஏம்ல?"

"சுப்புவக் கேக்காமச் சொல்லிட்டேண்ணே. இப்பத்தான் கேட்டேன்."