காது மெஷின் வாங்க வேண்டாம்

கீழக்கரை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் உங்களுக்கு நல்ல சுகத்தையும், நேரத்துக்குச் சோற்றையும், சிடுசிடுக்காத முதலாளியையும் அல்லாஹ் தந்தருளட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நான் சுகம். கல்யாணப் பெண், நம் மகள் மாஷிதாவும் சுகம்; கண்ணாடி முன்னால் நின்றே பொழுதைக் கழிக்கிறாள். லாத்தாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவளுக்குக் காது மெஷின் வாங்கி, லீவில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவதாகச் சொன்னீர்களே, வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் அக்காவின் காதில் ஒரு குறையும் இல்லை.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று குசுகுசுத்தாலும் லாத்தாவுக்குக் கேட்டுவிடும். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், மாப்பிள்ளை போட்டோ பார்க்க மாஷிதா என் போனைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறாள். நான் உங்களிடம் சொன்னது லாத்தாவுக்குத் தெரியக்கூடாது. மாஷிதாவுக்கோ எதுவுமே தெரியக்கூடாது. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் மேலத்தெரு சலாஹுதீனிடம் நான் கிண்டிய தொதல் அல்வாவோடு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். தொதலை ரூமில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள், கடிதத்தைக் காட்டாதீர்கள்.

சின்னப் பிள்ளையில் அம்மை போட்டுக் கண் போன நாளிலிருந்து லாத்தா காதை வைத்துத்தான் நடமாடுகிறாள். நமக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள், மழை வரப்போகுது, மாப்பிள்ளை சட்டையைக் கொடியிலிருந்து எடு என்று அவள் உள்ளேயிருந்து சத்தம் போட்டதும், நீங்கள் வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்ததும், சட்டை நனைந்ததும் நினைவிருக்கும். அவளுக்குச் சேதி சொன்னவையெல்லாம் தோட்டத்துக் குருவிகள். விடியுமுன் கரிச்சான் வாயைத் திறந்தால் சுபுஹு தொழுகைக்கு எழுந்துவிடுவாள். மாதுளையில் தேன்சிட்டு கீச்சிட்டால் வெயில் கிணற்றடிக்கு வந்துவிட்டது என்பாள். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரேயடியாகக் கத்தினால், பூனையோ பாம்போ வருது, பார்த்துப் போ என்பாள். அந்தக் கூட்டத்துக்குக் கல்யாண வீட்டுப் பெண்டுகள் என்று பேர் வைத்திருந்தாள், எப்போது பார்த்தாலும் ஒருத்தியை ஒருத்தி குறை சொல்கிறார்களாம்.

சில மாதங்களுக்கு முன்னால் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அவள் சுவரைத் தடவி நான் பார்த்ததே இல்லை. "சுலைகா, உம்மாவுக்குப் போன மாதிரி எனக்கும் காது போகுது. நீங்க பேசுறது கேக்குது, பாங்கு கேக்குது. குருவி கேக்க மாட்டேங்குது" என்றாள். உம்மாவுக்கும் கடைசியில் மெல்லிய சத்தம்தான் முதலில் போனது. அதனால் நான் நம்பினேன். உங்களுக்கும் அதைத்தான் சொன்னேன். வயசாகுதுல்ல என்றீர்கள்.

அதற்குப் பிறகு அவள் கொல்லைப்பக்கம் வருவதை விட்டுவிட்டாள். கட்டிலை விட்டு இறங்குவதே குறைந்துபோனது. மாஷிதாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஏதாவது பேசச் சொல்வாள். என்ன பேச என்று அவள் கேட்டால், "எதையாச்சும் பேசு புள்ள, உன் குரலை மனசுல போட்டு வச்சுக்கிறேன்" என்பாள். மாஷிதா விளையாட்டாகப் பேசிவிட்டுப் போய்விடுவாள். நான் அடுப்படியில் நின்று அழுவேன். கண்ணும் இல்லாமல் காதும் இல்லாமல் போனால் இவள் எங்கே போய் இருப்பாள் என்ற நினைப்பு என்னைச் சாப்பிட விடவில்லை.

மெஷினுக்கு அளவு வேண்டும் என்றீர்களல்லவா, அதற்காகப் பத்து நாளுக்கு முன்னால், சனிக்கிழமை, அவளை ராமநாதபுரம் காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் கை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படிக் காது நான் பாத்ததில்லம்மா, எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார். நான் வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். லாத்தா பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்தோம். அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதில் சின்னான் ஒன்று பாடியது. தலையில் கொண்டை வைத்த குருவி, நம் மருதாணிச் செடியில் கூடு கட்டுமே, அதுதான். லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பஸ் போயிரும் லாத்தா என்றேன். "இரு, பாடி முடிக்கட்டும்" என்றாள். அந்த உச்சி வெயிலில், பர்தாவுக்குள் வேர்த்து ஊற்ற, அவள் அப்படியே நின்றாள். குருவி பறந்து போன பிறகு அழுதாள்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். காது நல்லாயிருக்குன்னுதானே சொன்னாங்க, எதுக்கு அழுற என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காது போயிருந்தா தேவலையே சுலைகா. எனக்குக் கேக்காட்டியும் அதுக பாட்டுக்கு நம்ம வீட்டுல பாடிக்கிட்டு இருந்திருக்குமே."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஊர் நெருங்கும்போது, நம்ம தெருவுல யார் வீட்டிலயாச்சும் மரம் நிக்குதா என்று கேட்டாள். நான் மனதுக்குள்ளேயே தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தேன். ஒரு மரம்கூட இல்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்களே வாப்பா எனக்குக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். பெண் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு வேண்டும். எந்தத் தகப்பன் குறை வைப்பான்? பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள், தோட்டம் இரண்டு வீடாயிற்று. எதிர்வீட்டில் மூத்தவளுக்காக முருங்கையும் பூவரசும் போயின, இளையவளுக்காகக் கிணற்றை மூடினார்கள். மிச்சமிருந்த மண்ணிலும் செருப்பில் மண் ஒட்டாமலிருக்கக் கல் பதித்துவிட்டார்கள். கடைசியில் தெருக் குருவிகளெல்லாம் நம் தோட்டத்துக்குள்தான் நெருக்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. அதுவும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. வருஷா வருஷம் குறைந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும். கண் உள்ள எனக்கு ஆயிரம் வேலை, நான் கவனிக்கவில்லை.

கட்டிக்கொடுக்காத மகளுக்கு வீடு ஏது? இருந்தாலும் வாப்பா, சுலைகாவுக்கு வீடு, பெரியவளுக்குத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வாய் வார்த்தைதான். மாஷிதாவுக்குச் சம்பந்தம் முடிவானபோது நாம் எல்லோரும் தயங்கி நின்றோம், லாத்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "தோட்டத்துல கட்டுங்க. நம்ம புள்ளைக்கு வீடு வேணாமா" என்றாள். நீங்கள்கூடப் போனில் அழுதீர்கள். மரம் வெட்ட வந்த அன்று மேஸ்திரி கூத்தையாவைக் கூப்பிட்டு, கூடு இருக்கான்னு பார்த்துட்டு வெட்டுங்க என்று மட்டும் சொன்னாள். அந்த மனுஷன் தானே ஏறிப் பார்த்து, தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கட்டியிருந்த பழைய கூடு ஒன்றை இறக்கி அவள் கையில் கொடுத்தார். தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நீ தைக்கிற பாவாடையைவிட இது உறுதி என்று என்னைக் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். குருவிகள் பக்கத்து வீட்டு மரங்களுக்குப் போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்; சில வாரத்தில் சத்தமே இல்லாமல் போனதும் தன் காதுதான் போய்விட்டது என்று நம்பிவிட்டாள்.

மாடியில் மண் சட்டியில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், கம்பு தூவிப் பார்த்தேன். காக்கை வருகிறது, புறா வருகிறது. பாடுகிற குருவி ஒன்றுகூட வரவில்லை. எங்கே உட்காரும்? மரம் இல்லை, தூண் கம்பிதான் நிற்கிறது.

இனிமேல்தான் நான் எழுதத் தயங்குகிற விஷயம். ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது லாத்தா என் காதருகே, "மாஷிதாகிட்டச் சொல்லிறாத. புது வீட்டுல குடி போகப்போற புள்ள, அவ மனசுல இது ஒரு முள்ளா நிக்க வேணாம். எனக்குக் காது மந்தம்னே இருக்கட்டும்" என்றாள். என்னால் மறைக்க முடியாது, சொல்லத்தான் செய்வேன் என்றேன். "வீடு கட்டிக் கொடுக்கத்தான் எனக்கு அல்லாஹ் ஒரு புள்ளையைக் கொடுக்கல. இதையாச்சும் கொடுத்துட்டுப் போறேன்" என்றாள். சரி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று முதல் செவிடாக இருக்கிறாள், மச்சான். வாசலில் மாஷிதாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பும், உடனே சுதாரித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தப் பிள்ளை பாசத்தோடு காதோரம் குனிந்து, "பெரியம்மா, டீ குடிக்கிறீங்களா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறது. எவ்வளவு நுணுக்கமான காது அது. உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடும், ஆனாலும் சிரித்துக்கொண்டு, "ஆங், இப்பக் கேட்டுச்சு" என்பாள். மெஷின் வந்தால் அதையும் மாட்டிக்கொள்வாள், சத்தியமாக மாட்டிக்கொள்வாள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

வீடு நன்றாகத்தான் வருகிறது. பூச்சு வேலை முடிந்துவிட்டது, வாசல் நிலைக்கு மாஷிதா கேட்ட நிறத்திலேயே வார்னிஷ் அடிக்கிறார்கள். அவள் அதில் வாழ வேண்டும், நிறைவாக வாழ வேண்டும். வீடே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியுமா? பெற்ற வயிறு விடுமா? லாத்தாவுக்கு அந்தத் தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழி தெரியவில்லை. நடுவில் நின்று நான் பதைக்கிறேன். உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் இடையில் எந்த ரகசியமும் ஒரு வாரம் தாங்காது என்று எனக்குத் தெரியும். இது ஒன்றை மட்டும் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுதல். வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது வழக்கம்போல் போனை லாத்தாவின் காதில் வைப்பேன். போன வாரம் நீங்களும் எல்லோரையும் போலக் கத்தினீர்கள். இந்த வாரம் மெல்லப் பேசுங்கள். வீட்டு விஷயம் வேண்டாம், அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு தொழப் போனீர்கள் என்று ஏதாவது பேசுங்கள். மாஷிதா பக்கத்தில் இருந்தால் லாத்தா கேட்கவில்லை என்றுதான் சொல்வாள். அப்போதும் சத்தத்தை உயர்த்தாதீர்கள், மச்சான்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சுலைகா