வலது கண்ணாடிக்கு நாலு முடிச்சு

என் தங்க நைனாவுக்கு,

மத்தியானத் தூக்கத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. நம் வண்டியின் பின்கண்ணாடி மெல்லத் திறக்கிற சத்தம். டீ ஆறுவதற்காகக் காத்திருக்கும்போது தொண்டைக்குள்ளேயே எதையோ முனகுவாயே, கிட்டத்தட்ட அதே சுருதி. எழுந்து சந்துக்குப் போய்ப் பார்த்தால் வண்டி வெயிலில் சும்மா நிற்கும், கண்ணாடி மூடியே இருக்கும். நீ வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாயா?

வண்டியை விற்கப் பார்த்தோமா என்றுதான் முதலில் கேட்பாய். அவசரப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன். நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்லி முடித்ததே இல்லை. பாதியிலேயே "சரி வுடு, புரிஞ்சிடுச்சி" என்று எழுந்து போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்?

அந்தக் கண்ணாடி வேலை அம்மாவால்தான் ஆரம்பித்தது. கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கடைசி வரிசையில், வலது மூலையில்தான் உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் எதிரே வரும் கன்டெய்னர் லாரி எல்லாம் மடியில் வந்து விழுகிற மாதிரி இருக்கிறதாம். பின்னால் என்றால் கடல் மட்டும் தெரியும். ஆனால் நம் பழைய எஸ்யூவியில் கடைசி வரிசைக் கண்ணாடி திறக்காது. ரப்பரில் பதித்து வைத்த வெறும் கண்ணாடி. டீசல் சூடும் அடைசலும் சேர்ந்து, திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

அதே வண்டியின் உசத்தி மாடலில் பின்கண்ணாடியைக் கையால் வெளியே தள்ளித் திறக்கலாம் என்று நீ எங்கேயோ பார்த்துவிட்டு வந்தாய். புதுப்பேட்டையில் காதர் பாயின் காயலான் கடையில் அந்தக் கண்ணாடிகளையும் கீல்களையும் பொறுக்கி எடுத்தாய். தள்ளுகிற கொக்கி இருந்த இடத்தில், எங்கோ மோதி நசுங்கி வந்த வெளிநாட்டு வேனின் குட்டி மோட்டாரைப் பொருத்தினாய். சுவிட்ச் உன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். அழுத்தினால் கண்ணாடியின் பின்விளிம்பு ஒரு கை நுழையும் அளவு வெளியே வந்து நிற்கும். "மீனுக்கு செவுளு கீதுல்ல, அது மாதிரி வண்டிக்கும் வோணும்" என்றாய். வலை பின்னுகிற வீட்டில் பிறந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆனவன் வேறு என்ன சொல்வான்.

ஆனால் வேனிலிருந்து வந்த இரண்டு மோட்டாரில் இடது பக்கத்து மோட்டார்தான் ஓடியது. வலது பக்கத்து மோட்டாரில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்துக் கிடந்தது. இடது கண்ணாடி ஜம்மென்று திறந்தது, வலதை வலை நூலால் இழுத்துக் கட்டி வைத்தாய். அம்மா விடுவாளா?

"இன்னாய்யா இது, கடலு இந்தாண்ட கீது, நீ அந்தாண்ட தொறந்து வெச்சிகீற! லாரி புழுதியெல்லாம் என் மூஞ்சிலதான் அடிக்குது."

"வேற மோட்டார் கெடைக்கட்டும் புள்ள, இந்தாண்டயும் தொறக்கும்."

"தொறந்தா மட்டும்? சுச்சு உன் கைலதான கீது. காத்து வோணும்னா கடைசி சீட்லேந்து நான் உன்னக் கூவணும். நீ காதுல வாங்கறதுக்குள்ள கடலே பூடும்."

நீ உன் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தாய். பதில் இல்லாமல் நீ சிரித்தால் ஏதோ திட்டம் போடுகிறாய் என்று அர்த்தம், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். வேலை இல்லாத நாளில் வண்டியை வாடகைக்கும் ஓட்டுவாயே, அப்படித் துறைமுக வாசலில் சவாரிக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டு வந்து சந்தில் நிறுத்தினார்கள். அதன் பிறகு அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் லாரி வந்தால்கூட வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் குடத்தோடு போவாள்.

நான் டிரைவிங் கற்றுக்கொண்டேன் நைனா. சிரிக்காதே. வண்டியை நானே ஓட்டி வைத்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. "அவுரு இல்லாத வண்டி எனக்கு இன்னாத்துக்கு? வித்துடு" என்றாள். வண்டி வாங்க மாமா டோல்கேட்டிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தார். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஆனால் நூல் கட்டிய கண்ணாடி வழியே மழைத் தண்ணீர் இறங்குகிறது, அதைச் சரிசெய்து இரண்டு சுவிட்சையும் முன்னால் ஒன்றாக வைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. நீ தொடங்கிய வேலையை நான் முடிப்பதே உன் வண்டியை அனுப்பி வைக்கத்தானா?

கம்பெனியில் நாள் முழுக்க வயர் கோர்க்கிறவள் நான், இதற்கு வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை. காதர் பாயிடம் போனேன். உன் பெயரைக் கேட்டதும் பாய் எழுந்து உள்ளே போய், ரொம்ப நேரம் தகரத்தை உருட்டிவிட்டு ஒரு மோட்டாரோடு வந்தார். "இதுவும் லெஃப்ட்டுதாம்மா கீது. தலகீழா மாட்டி வயரை மாத்திக் குடுத்துக்கோ, சரியாப் பூடும். உங்கப்பன் இருந்தா என்னைக் கேக்கவே மாட்டான்." காசு நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்.

பாய் சொன்னபடி தலைகீழாக மாட்டினேன். வயரை மாற்ற மறந்துபோய், பேட்டரியில் நேராகத் தொட்டுத் திறக்கப் பார்த்தால் கண்ணாடி இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. நீ பார்த்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாய்.

வயர் இழுப்பதற்காகக் கண்ணாடிக்குக் கீழிருந்த தகட்டைக் கழற்றியபோதுதான் உன்னை மறுபடி பார்த்தேன். வயரெல்லாம் நீ ஏற்கெனவே இழுத்து வைத்திருந்தாய், வலை நூலால் கட்டி. காயலான் கடை வயரில் நிறத்தை நம்பக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலுக்குத் தெரிய வேண்டும் என்று முடிச்சுப் போடுவாயே. கரண்ட் வருவதற்கு ஒன்று. எர்த்துக்கு இரண்டு. மோட்டாருக்குப் போவதற்கு மூன்று. நம் வீட்டு ஃபேனில்கூட அதே முடிச்சுதான். தடவிக்கொண்டே போனேன், உன் விரலைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து முன்பக்க சுவிட்சுக்கு ஒரு வயர்கூடப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கொத்து வயர் கடைசி சீட்டின் கைப்பிடிக்குக் கீழே வந்து, டேப் சுற்றி, மொட்டையாக நின்றது. அதில் நாலு முடிச்சு. நாலு முடிச்சை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மிச்சம் மீதி போலிருக்கிறது, அறுத்துவிட்டு முன்னாலிருந்து புதிதாக இழுக்கலாம் என்று கட்டிங் பிளையரை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா டீ கொண்டுவந்தாள். எட்ட நின்றே நீட்டினாள், வண்டியைத் தொடாமல். நான் எட்டி வாங்கும்போது அவள் கண் அந்த நூலில் பட்டது.

"அத்த அறுக்காதடி."

"சும்மா தொங்குதும்மா. எங்கயும் போவல."

"அது நம்ம வூட்டு முடிச்சு." அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள். "நான் கல்யாணம் கட்டி வந்த புதுசுல, கரைல மீனு பங்கு பிரிப்பாங்க. எந்தப் பை யாரு வூட்டுதுன்னு தெரியணும்ல, வூட்டுக்கு ஒரு முடிச்சு. நம்மளுது நாலு. உங்கப்பன் பையக் கட்டி வெச்சிட்டுப் பூடுவாரு, நான் போயி முடிச்சத் தடவிப் பாத்து எட்துகினு வருவேன். அது என் பைடி."

சொல்லிக்கொண்டே அவள் வண்டிக்குள் ஏறிவிட்டாள், தான் ஏறியதே தெரியாமல். தன் மூலையில் போய் உட்கார்ந்து கையைக் கீழே தொங்கவிட்டாள். மொட்டை வயர் சரியாக அவள் விரல் நுனியில் வந்து நின்றது. அம்மாவின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று எப்போது அளந்தாய் நைனா? அவள் தூங்கும்போதா?

அங்கேயே சுவிட்சை வைத்தேன். அம்மா அழவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாட்டி எண்ணூர் வரைக்கும் போய்ட்டு வருவோம். அப்பால அந்தாளு வந்து எட்துகினு போவட்டும்" என்றாள்.

போனோம். கன்டெய்னர் வரிசைக்குள் நான் பயந்து பயந்து ஓட்டினேன். கெமிக்கல் கம்பெனி வாடை அடிக்கிற வளைவுக்கு முன்பே பின்னாலிருந்து அந்த மோட்டார் முனகல் கேட்டது, அம்மா தானே கண்ணாடியை மூடிக்கொண்டாள். பாறாங்கல் கொட்டியிருக்கும் கரைக்கு வந்ததும் கண்ணாடி திறந்தது. கடல் வண்டிக்குள் வந்த மாதிரி இருந்தது, உப்பும் ஈரமும் சத்தமுமாக. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், முடியெல்லாம் பறந்தது, முந்தானை மடியில் கிடந்தது. கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, சுவிட்ச் அவள் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியே ஓடிய காற்றை நோக்கிக் கூவினாள்:

"யோவ்! நானே தொறந்துகினேன்யா!"

எனக்கு ரோடு மங்கிவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

டோல்கேட்காரர் வந்தபோது அம்மாதான் வாசலுக்குப் போனாள். "இது எங்க வூட்டுப் பங்குங்க, விக்கறதுக்கு இல்ல" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, மாமாவுக்கும்தான். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு வாக்கு தருகிறேன். அந்தச் சுவிட்சை யார் சொன்னாலும் முன்னால் கொண்டுவர மாட்டேன். அம்மா இப்போதும் அந்தக் கரை வந்தால் கூவுகிறாள், நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பதிலும் சொல்வதில்லை. வண்டியின் வேகத்தை மட்டும் குறைப்பேன், உனக்குக் காதில் விழட்டும் என்று.

உன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்,
உன் மூத்த பொண்ணு